வட்டம் சுற்றும் நேரம்

அருப்புக்கோட்டையில் இணைய வயர் இழுப்பதற்காகக் கம்பமேறுகிற ஒரே பெண் முத்துராக்குதான். அண்ணாச்சி நடத்திய கேபிள் கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தாள். அவள் ஒருமுறை கை வைத்த பழுது மறுமுறை அவளைத் தேடி வந்ததில்லை என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது, அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவள் முதுகு ஒரு விரல்கடை நிமிரும். ஆகவே செக்கடி நாலாவது தெருவில் சீனியம்மாள் வீட்டு டிவியில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்ற புகார் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக வந்தபோது, அதுவரை போய்வந்த இரண்டு ஆட்களையும் திட்டித் தீர்த்துவிட்டு, அவளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சீனியம்மாள் பருத்தி மில்லில் இருபது வருஷம் நின்றே வேலை பார்த்து, கெண்டைக்கால் நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டுபோனவள். மகள் வாங்கிக் கொடுத்த நெட் குச்சியை டிவியின் முதுகில் செருகி, தினமும் காலை பதினொரு மணிக்கு ‘அமுதினி அடுக்களை’ நேரலையைப் பார்ப்பாள். முத்துராக்கு அந்தக் குச்சியைத் தொட்டுப் பார்த்தாள், தோசைக்கல் மாதிரி சுட்டது, அதைக் கழற்றிக் காற்றாடத் தொங்கவிட்டாள். டிவியிலிருந்தே கரண்ட் உறிஞ்சிக்கொண்டிருந்ததைச் சுவரில் தனியாகச் செருகினாள். எவர்சில்வர் குடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரவுட்டரை எடுத்து அலமாரி மேல் வைத்தாள். குச்சிக்குள் சேர்ந்து கிடந்த பழைய குப்பையை அழித்தாள். படத்தின் தரத்தை ஒரு படி இறக்கினாள். எல்லாவற்றையும் அணைத்து, முப்பது எண்ணி, திரும்பப் போட்டாள். பதினொன்று அடித்தது. அமுதினி பட்டுச்சேலையும் முழங்கால்வரை தொங்கும் பின்னலுமாக வந்து, சிரித்து, சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

ஏழாவது நிமிஷத்தில் படம் நின்றது. சட்டியிலிருந்து எழும்பிய ஆவி பஞ்சுபோல நின்றது, கரண்டி நுனியிலிருந்து விழப்போன ஒரு சொட்டுக் குழம்பு அந்தரத்தில் நின்றது, திரையோரம் மிதந்துபோன சிவப்பு இதயங்கள் அங்கங்கே நின்றன, நடுவில் வெள்ளை வட்டம் சுற்றியது. அமுதினி மட்டும் நிற்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். சிரிப்பை இறக்கினாள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, பின்னால் வளைந்து, வலது காலை மாற்றி இடது காலை ஊன்றினாள். பிறகு கரண்டியை எடுத்து, அந்தச் சொட்டு நின்ற இடத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, சிரிப்பைத் திரும்ப ஏற்றினாள். வட்டம் மறைந்தது. சொட்டு விழுந்தது.

"மதினி, இது எத்தன நாளா இப்பிடி?"

"எது, படம் நிக்கிறதா, அவ நிக்காததா?"

"ரெண்டுந்தான்."

"படம் ஒரு மாசமா நிக்கிது. அவ அன்னைலருந்தே நிக்கல. பாவம், காலு கடுக்கும்போல. அதுக்கு நான் புகார் குடுக்கல தாயி. எத்தன கரண்டி மல்லிப்பொடின்னு அவ சொல்றப்பப் பாத்து நிக்கிது, அதுக்குத்தான் குடுத்தேன்."

முத்துராக்கு வெளியே வந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். மூன்றாவது கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் அணில் கடித்து, மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. பழுது அதுதான். பையில் புது வயர் இருந்தது, பத்து நிமிஷ வேலை. கம்பத்தின் மேல் கட்டரை வயரில் வைத்தவள், அந்தப் பெண் காலை மாற்றி ஊன்றியது ஞாபகத்துக்கு வர, வெட்டாமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். இந்த வயர் நன்றாகிவிட்டால் அவள் எங்கே கால் மாற்றுவாள் என்று தோன்றியது. இறங்கி வந்து, "நாளைக்கு வாரேன் மதினி" என்றாள். ஒன்பது வருஷத்தில் கண்ணால் கண்ட பழுதை அவள் விட்டுவிட்டுப் போனது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவள் வந்தபோது சீனியம்மாள் ஈரத்துணியால் டிவித் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படம் நின்று வட்டம் சுற்ற, துணியோடு கை முழங்கைவரை உள்ளே போய்விட்டது, அடுப்புச் சூடு புறங்கையில் பட்டது. சீனியம்மாள் கையை வெளியே இழுத்துச் சேலையில் துடைத்தாள். உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்து வந்தாள். அடுத்த முறை வட்டம் சுற்றியபோது முக்காலியை அதற்குள் நீட்டி, "உக்காரு தாயி" என்றாள். அமுதினி முக்காலியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், வாங்கிப் போட்டு உட்கார்ந்தாள். பதினோரு நொடி. பிறகு முக்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டாள்.

அதற்குப் பிறகு தெருவே பதினொரு மணிக்கு அங்கே கூடியது. இந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை, ஒரு குழாயில் தண்ணீர் வருவதும் அடுத்த குழாயில் வராததும் எப்படியோ அப்படி என்று எடுத்துக்கொண்டார்கள். ரிட்டயரான டவுன் பஸ் கண்டக்டர் கனகவேல், கையில் பழைய விசிலும் கடிகாரமுமாக டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நிற்றலும் எத்தனை நொடி என்று எண்ணினார்; வட்டம் மறையப்போகும் முன்னால் அதன் சுற்று சற்றே மந்தமாவதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான், மந்தமானதும் விசிலடிப்பார், எல்லோரும் கையை வெளியே இழுத்துக்கொள்வார்கள். ஒருநாள் அவர் தும்மிவிட, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நீட்டியிருந்த முருங்கைக்காய் கத்தி வைத்தது போல இரண்டாகி, வெளிப்பாதி தரையில் விழுந்தது. அன்றிலிருந்து பெண்கள் கை நீட்டும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நீட்டினார்கள்.

முத்துராக்கு தினமும் வந்தாள். எப்படிப் படத்தை ஓடவைப்பது என்று தெரிந்தவளுக்கு எப்படி நிறுத்துவது என்பதும் தெரிந்திருந்தது. தெருவிலிருக்கிற போன்களையெல்லாம் சீனியம்மாள் வீட்டு இணைப்பில் கோத்து, ஆளுக்கொரு படத்தை ஓடவிடச் சொன்னாள், ரவுட்டரைத் திரும்பக் குடங்களுக்குப் பின்னால் தள்ளினாள், குச்சியை டிவியின் சூட்டிலேயே திரும்பச் செருகினாள். பதினோரு நொடி பதினாலானது, பதினாலு இருபத்தொன்றானது. அந்த நொடிகளில் மோர் போனது, வலி மாத்திரை போனது, ஒருத்தி உரித்த பலாச்சுளையைக் கொடுத்தாள், சீனியம்மாள் இரண்டு கையையும் தோள்வரை உள்ளே விட்டு அமுதினியின் முழங்காலைப் பிடித்துவிட்டாள். அவளும் அந்த நொடிகளுக்குள் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாள்.

"என் பேரு அமுதினி இல்லக்கா. அது அவரு வெச்சது. பூங்காவனம். ஆரணிப் பக்கம்."

வேறொரு நாள்: "கேமராவுக்குப் பின்னாடி இருக்கிறாரே, அவருதான். வட்டம் சுத்தறப்போ அவரும் நின்னுடறாரு. அதான் பேசறேன்."

இன்னொரு நாள்: "நாலு வருஷமாச்சு வெளிய போயி. பதினேழாவது மாடி. கதவுக்கு நம்பர் பூட்டு. எந்த ஊரு, எந்தத் தெருன்னு தெரியாதுக்கா, ராத்திரி கார்ல கூட்டியாந்தாரு. ஜன்னல்ல பாத்தா எதுத்தாப்ல இன்னும் ஜன்னலுங்கதான் தெரியுது."

கனகவேல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் போனில் அந்த நேரலையைப் போட்டுப் பார்த்தார், அங்கே படம் தங்குதடையில்லாமல் ஓடியது, பூங்காவனம் சிரித்துக்கொண்டே இருந்தாள். "விலாசம் சொல்லுங்க, உடனே ஆள் அனுப்பச் சொல்றேன்" என்றார். விலாசம்தான் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, வட்டம் மந்தமாகாமலே சட்டென்று மறைந்துவிட்டது. கைகள் தப்பின, மோர் டம்ளர் அங்கே தங்கிவிட்டது. எவர்சில்வர் டம்ளர், கல்யாணத்துக்குச் சீராக வந்தது, அடியில் சீனியம்மாளின் பேரும் அருப்புக்கோட்டை என்ற ஊர்ப்பேரும் வெட்டியிருந்தது. பூங்காவனம் அதை முந்தானையால் மூடினாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு முந்தானையை விலக்கி டம்ளரை எடுத்துக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. லட்சக்கணக்கான பேரும் பார்த்திருப்பார்கள், அவர்களுக்கு அது டம்ளர்.

வெள்ளிக்கிழமை அவள் முகத்தில் பவுடர் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. கீழுதடு ஒருபக்கம் தடித்திருந்தது. "நாளைக்கு நம்மளோட கடைசி நேரலை, இனிமே பதிவு பண்ண வீடியோதான் வரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்று விழுந்த ஒரே வட்டத்தில் அவள் முக்காலியைக் கேட்கவில்லை. அடுப்பு மேடை மேல் இரண்டு கையையும் ஊன்றிக் கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, நான் அந்தாண்ட வந்துடட்டுமா?"

முப்பத்திரண்டு அங்குல டிவி. ஒரு ஆள் படுத்தபடி நுழையலாம். அடுப்பைத் தாண்ட வேண்டும், மேடையில் ஏற வேண்டும், முழங்கால் மடங்காதவள். கனகவேல் மெதுவாகச் சொன்னார், "நாப்பது நொடியாவது வேணும். இதுவரைக்கும் இருபத்தொண்ணுக்கு மேல போனதில்ல."

எல்லோரும் முத்துராக்குவைப் பார்த்தார்கள். முருங்கைக்காய் விழுந்த இடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரச் சொல்லுங்க மதினி" என்றாள். "நாப்பது நான் தாரேன்."

சனிக்கிழமை அவள் பத்தரைக்கு வந்து சேர்ந்தபோது மூன்றாவது கம்பத்திலிருந்து சீனியம்மாள் வீட்டுக்குப் புத்தம்புது வயர் கறுப்பாக மின்னிக்கொண்டு ஓடியது. தெருக்கோடி வீட்டில் பங்குச்சந்தை பார்க்கிற தர்மராசு, ஒரு மாதமாக நெட் நகரவில்லை என்று அண்ணாச்சிக்குப் போன் போட்டிருக்கிறார், அண்ணாச்சி காலையிலேயே வேறு ஆளை அனுப்பித் தெருவிலிருந்த பழைய வயரையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டார். முத்துராக்கு உள்ளே ஓடினாள். படம் கழுவிவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

பதினொன்று அடித்தது. பூங்காவனம் வந்தாள், சிரித்தாள், சட்டியை ஏற்றினாள். தெருவின் அறுபது போன்களும் ஓடின, தர்மராசுவின் மனைவி புருஷனுடைய மடிக்கணினியையே தூக்கிவந்து அதிலும் ஒரு படத்தை ஓட்டினாள், புது வயர் எதையும் சட்டைசெய்யவில்லை. பதினொன்று பத்து. முத்துராக்கு ரவுட்டரைக் குடத்துக்குள்ளேயே இறக்கினாள், படம் ஓடியது. பதினொன்று இருபது. பூங்காவனம் வெங்காயத்தை வதக்கினாள், தக்காளியை வதக்கினாள், ஒவ்வொரு தடவையும் கரண்டியை ஒரு கணம் அதிகமாக நிறுத்திப் பார்த்தாள், எதுவும் நிற்கவில்லை, ஆவி நிற்கவில்லை, இதயங்கள் நிற்கவில்லை. அவள் சிரிப்பின் ஓரம் நடுங்க ஆரம்பித்தது.

"நெட்டப் புடுங்கி விட்ருவமா?" என்றாள் ஒருத்தி.

"புடுங்குனா படமே போயிரும். இணைப்பில்லன்னு எழுத்து வரும், வட்டம் வராது. உசுரும் இருக்கணும், ஓடவும் கூடாது" என்று சொல்லிக்கொண்டே முத்துராக்கு வெளியே ஓடினாள்.

காலையில் வயர் மாற்ற வந்த ஆள் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் துப்பட்டாவை முறுக்கிக் கணுக்காலில் வளையம் போட்டுக்கொண்டு கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறினாள், பங்குனி வெயிலில் இரும்பு உள்ளங்கையைச் சுட்டது, மேலே போய் வயர்கள் சேருகிற பெட்டியைத் திறந்தாள், சீனியம்மாள் வீட்டு வயரின் ஜாக்கைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரே அலறல்.

"போச்சு! படம் போச்சு!"

செருகினாள். "வந்துருச்சு! ஆனா ஓடுது! முடிக்கப் போறா, கொத்தமல்லி தூவிட்டா!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது வருஷமாக அவள் விரல்கள் ஜாக்குகளைச் செருகியிருக்கின்றன, டக்கென்று ஒரு சத்தம் வரும்வரை செருகியிருக்கின்றன, அந்தச் சத்தத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் என்ன இருக்கிறது என்று அவை நின்று பார்த்ததில்லை. இப்போது அந்த இடத்தைத் தேடினாள். கட்டைவிரலை ஜாக்கின் வாலில் வைத்து, அழுத்தாமல், விடாமல், அரிசி முனையளவு இழுத்து, அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்து, மூச்சை நிறுத்தினாள்.

"வட்டம்! வட்டம் வந்துருச்சு!"

பின்படிக்கட்டிலிருந்து டிரைவர்வரை கேட்கிற கனகவேலின் குரல் தெருவைக் கடந்து வந்தது. "ஒண்ணு! ரெண்டு!"

"சேலையத் தூக்கிச் செருகு தாயி, அடுப்பு சுடும்" என்று சீனியம்மாள் கத்துவது கேட்டது. "இந்தப் பக்கமா ஏறு. முட்டிய ஊணாத, கைய ஊணு."

பதினாலில் பெட்டிக்குள்ளிருந்து எறும்புகள் வந்தன. சிவப்பு எறும்புகள், மணிக்கட்டு வழியாகச் சுடிதார் கைக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகக் கடித்தன. இருபதில் கட்டைவிரல் மரத்தது. இருபத்தொன்று என்று குரல் வந்தபோது தெருவில் யாரோ "சாமி" என்றார்கள். இருபத்தேழில், "தலை வந்துருச்சு!" முப்பதில் தோள். முத்துராக்குவின் வியர்வை புருவத்திலிருந்து கண்ணில் இறங்கியது, இமைத்தால் விரல் அசையுமென்று இமைக்காமல் இருந்தாள். முப்பத்துமூன்றில், "இடுப்பு மாட்டிக்கிருச்சு! இழுங்கடி!"

முப்பத்தொன்பது. நாற்பது. அவள் தருவதாகச் சொன்னது முடிந்துவிட்டது. நாற்பத்தொன்று. கனகவேலின் குரல் உடைந்தது, ஆனால் எண்ணியது. "வட்டம் மந்தமாகுது! ஏத்தா முத்துராக்கு, மந்தமாகுது!" அவள் ஜாக்கை இன்னும் ஒரு இழை வெளியே விட்டாள், எல்லாமே போய்விடக்கூடிய அந்த இழையை விட்டாள், விட்டு அங்கேயே பிடித்தாள். நாற்பத்துநாலு. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.

பிறகு எண்ணிக்கை வரவில்லை.

விசிலும் வரவில்லை, அலறலும் வரவில்லை, தெரு முழுக்க அறுபது போன்களின் சத்தம் மட்டும் ஒன்றோடொன்று குழம்பிக் கேட்டது. அவள் விடவில்லை. என்ன ஆனது என்று தெரியாமல், கீழே பார்க்கவும் துணியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். கம்பத்தடியில் சீனியம்மாளின் குரல் கேட்கும்வரை பிடித்திருந்தாள்.

"விடு தாயி. விட்ரு."

"வந்துட்டாளா மதினி?"

"வந்துட்டா. சடை மட்டும் அங்க போச்சு."

கட்டைவிரலை அவளால் நிமிர்த்த முடியவில்லை. இன்னொரு கையால்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

திரையில் அந்த ஆளின் முகத்தைத் தெரு அப்போதுதான் முதல்முறை பார்த்ததாம். யாரும் தனியாக நினைவு வைத்துக்கொள்ள முடியாத, ரேஷன் வரிசையில் பார்த்தால் நமக்கு முன்னால் நிற்க இடம்விடத் தோன்றுகிற சாதாரண முகம். கேமராவைச் சுற்றி வந்தவன் முதலில் அடுப்பை அணைத்தான். பிறகு மேடையில் கிடந்த பின்னலை எடுத்துப் பார்த்தான். சமையலறையைப் பார்த்தான், பூட்டிய கதவைப் பார்த்தான், கடைசியில் கண்ணாடியைப் பார்த்தான். சிவப்பு இதயங்கள் அவன் முகத்துக்குக் குறுக்கே மேலே போய்க்கொண்டிருந்தன. அவன் கை நீண்டு கேமராவை மூடியது. டம்ளரைப் பார்த்ததில் இந்த ஊர்ப்பேர் அவனுக்குத் தெரியும் என்பதால் கனகவேல் அன்றே ஸ்டேஷனுக்குப் போனார், இந்தமுறை எழுதிக் கொடுக்கப் பூங்காவனத்தையே கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். புது வயரைக் கெடுத்தது யார் என்று அண்ணாச்சி வண்டியில் வந்து கேட்டதற்குத் தெரு மொத்தமும் "அணில்" என்றது.

முத்துராக்கு இறங்கி வந்தபோது பூங்காவனம் வாசலில் நின்றாள். டிவியில் தெரிந்ததைவிடக் குள்ளம். கழுத்தோடு கத்தரித்த முடி, முழங்கையில் கரி, வெறுங்கால். ஆளுக்கொரு டம்ளரோடு பெண்கள் சுற்றி நின்றார்கள், முக்காலி போட்டிருந்தார்கள், அவள் உட்காரவில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு அடி நடந்தாள், நின்றாள், திரும்பினாள். பன்னிரண்டு அடி திரும்பி வந்தாள். மறுபடி போனாள், சொல்லிவைத்தது போல அதே இடத்தில் நின்று திரும்பினாள். மூன்றாவது தடவை திரும்பியபோதுதான் தெருவுக்குப் புரிந்தது. பதினேழாவது மாடியில் அந்த இடத்தில் சுவர் இருந்திருக்கிறது.

ஒருவர் தன் சைக்கிளை எடுத்து உள்ளே நிறுத்தினார். ஒருத்தி வடகம் காயவைத்திருந்த கட்டிலை இழுத்தாள். தண்ணீர்க் குடங்கள் ஓரம்போயின, பைக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, தெரு முனையிலிருந்து முனைவரை ஒன்றுமில்லாமல் திறந்து கிடந்தது. வீங்கிய கட்டைவிரலோடு முத்துராக்கு போய்ப் பூங்காவனத்தின் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். இருவரும் நடந்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பூங்காவனத்தின் உடம்பு திரும்பப்போனது. முத்துராக்கு திரும்பாமல் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போலாம்க்கா" என்றாள். "இங்க ஒண்ணுமில்ல."

பூங்காவனம் கையை முன்னால் நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காலை எடுத்து வைத்தாள்.

"பதிமூணு" என்றாள்.